நீர்யானையா, ஆற்றுக்குதிரையா? நாலரை விநாடிக்குள் ஒரு வரி வேண்டும்

வசனக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். உலக ஆறுகளைப் பற்றிய ஆவணத் தொடர் ஒன்றுக்குத் தமிழ் வசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கங்கை முடிந்தது, இப்போது ஆப்பிரிக்கா. வியாழக்கிழமை குரல் பதிவு. ஒரே ஒரு வரியில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

திரையில் நீர்யானைகள் கூட்டமாகக் கிடக்கின்றன. கிரேக்கர்கள் வைத்த பெயருக்கு ஆற்றுக்குதிரை என்று பொருள் என்கிறது பின்னணிக் குரல். மூலத்தில் இதில் ஒரு தொல்லையும் இல்லை. ஹிப்போஸ் என்றால் குதிரை, பொட்டாமோஸ் என்றால் ஆறு, இரண்டும் பெயருக்குள்ளேயே இருக்கின்றன. தமிழில் எழுதினால் "நீர்யானை என்றால் ஆற்றுக்குதிரை என்று பொருள்" என்று வந்து நிற்கிறது! கேட்பவர் டிவியை அணைத்துவிட்டுப் போய்விடுவார்.

எனக்கு முன்னால் இந்த வேலையைத் தொட்டவர் படம் முழுக்க "நீர்க்குதிரை" என்று போட்டுவிட்டார். சிக்கல் தீர்ந்ததுதான், ஆனால் வண்டலூரில் போய் நீர்க்குதிரை எங்கே என்று கேட்டால் யாராவது வழி சொல்வார்களா? காட்சி நாலரை விநாடி. யோசனை சொல்லுங்கள்.

புளியமரம்

"ஹிப்போ" என்று போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். என் வீட்டு வாண்டு அப்படித்தான் சொல்கிறது.

வசனக்காரன்

போடலாம். ஆனால் படத்தில் பத்தொன்பது இடத்தில் நீர்யானை என்று எழுதியாயிற்று, நல்ல சொல்லும்கூட. ஒரு வரிக்காக அதைத் துரத்த மனசில்லை.

பழைய ஏடு

தம்பி, துரத்த வேண்டாம். ஆனால் அந்தச் சொல்லின் வயசைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பழைய பாட்டுகளில் நீர்நாய் உண்டு. குறுந்தொகையில் அது வாளை மீனைப் பிடித்துத் தின்கிறது. முதலைக்கு ஒன்றுக்கு மூன்றாகப் பெயர் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் ஒரே அடியில் முதலை, இடங்கர், கராம் என்று மூன்றும் வரிசையாக வரும். நாம் இப்போது முதலை என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை என்று ஒட்டுப்போட்டு ஓட்டுகிறோம். அந்தக் காலத்து ஆள் ஆற்றில் இறங்கிக் குளித்தவன். எது கடிக்கும் என்று அவனுக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டியிருந்தது.

நீர்யானை அந்த வரிசையில் வராது. பார்க்காத விலங்கு வந்து சேர்ந்தபோது, தெரிந்த விலங்கின் பெயருக்கு முன்னால் "நீர்" சேர்த்துக்கொண்டோம், அவ்வளவுதான். கிரேக்கர் செய்ததும் அதுவே. கூடவே வாழ்ந்தவர்கள் தனிப்பெயர் வைப்பார்கள், தூரத்தில் இருப்பவர்கள் ஒட்டுப்பெயர் வைப்பார்கள் என்பது என் கணக்கு.

கம்பாலா கதிர்

ஐயா சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. பதினோரு வருடமாக உகாண்டாவில் இருக்கிறேன். இங்கே லுகாண்டா மொழியில் அதற்கு என்வுபு என்று பெயர். அதைப் பிரித்துப் பார்த்தால் குதிரையும் வராது, யானையும் வராது. தெற்கே ஜூலு மொழியில் இம்வுபு. எவ்வளவு தூரம் தள்ளி, ஆனால் சொல் கிட்டத்தட்ட அதேதான். சுவாஹிலியில் கிபோகோ. சாட்டைக்கும் அதே பெயர்தான், அந்தத் தோலை வார்ந்து சாட்டை செய்வார்கள். தோலைத் தொட்டு, சாட்டையால் அடியும் வாங்கியவர்களின் சொல் அது.

இன்னொன்று. கஜிங்கா கால்வாயில் படகில் போனபோது முதல் அரைமணி நேரம் எனக்கு அந்த விலங்கே தெரியவில்லை. காது, கண், மூக்குத் துவாரம், மூன்றும் ஒரே மட்டத்தில் தண்ணீருக்கு மேலே நிற்கும், மிச்சமெல்லாம் உள்ளே. அந்தச் சின்னக் காதுகளைப் படபடவென்று அடித்துத் தண்ணீரை உதறும்போது சத்தியமாகக் குதிரை மாதிரித்தான் இருந்தது. ராத்திரி விடுதிப் புல்தரையில் மேய வந்து நின்றபோது பார்த்தால் லாரி. தண்ணீருக்குள் பார்த்தவன் குதிரை என்பான், கரையில் பார்த்தவன் யானை என்பான். நம் ஆட்கள் பார்த்தது மிருகக்காட்சிசாலையில்தானே?

அணில்கடி

அழகாக இருக்கிறது, ஆனால் ஒத்துக்கொள்ள முடியாது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதை எழுதியிருக்கிறார், கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு வருடத்துக்கு மேல் முன்பு. மாட்டைப் போலப் பிளந்த குளம்பு, குதிரையின் பிடரி மயிர், குதிரை வால், குதிரையைப் போலக் கனைப்பு, பருமனில் பெரிய எருது. இதில் பருமனைத் தவிர எதுவும் தேறாது. பிடரி மயிரே கிடையாது. குளம்பு பிளக்கவில்லை, காலுக்கு நாலு விரல். அரிஸ்டாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய்க் கழுதை அளவு என்றார். இவர்களெல்லாம் காது அசைவதைப் பார்த்து ரசித்துப் பெயர் வைத்தார்களாம்! பெயரில் குதிரை இருந்தது, அதனால் விலங்குக்குப் பிடரி முளைத்தது. அப்படித்தான் நான் படிப்பேன்.

கம்பாலா கதிர்

அப்படியும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெயரை ஹெரோடோட்டஸ் உண்டாக்கவில்லையே. அவருக்கு முன்னால் நைல் கரையில் நின்ற எவனோ ஒருவன் வைத்தது. என் கட்சி அவனோடு.

மோயாறு மணி

பழைய ஏடு ஐயாவின் கணக்கில் ஒரு ஓட்டை. நீர்நாய் நம்ம ஊர் விலங்கு, சங்ககாலத்திலிருந்து கூடவே இருக்கிறது, ஆனால் ஒட்டுப்பெயர்தானே?

மோயாற்றில் கூட்டமாக மீன் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏழெட்டு சேர்ந்து அரைவட்டமாக மீனை மடக்கிக் கரைக்குத் தள்ளும், நடுவே கீச்கீச்சென்று சத்தம். நாய் என்று வைத்தவன் சும்மா வைக்கவில்லை. அந்தத் தலையும் மீசையும் நனைந்த நாய்க்குட்டிதான். கன்னடத்திலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் நாய்தான், சிங்களத்தில் தியபல்லா, அதுவும் நீர்நாய். ஆனால் மராத்திக்குப் போனால் பாண்மாஞ்சர், அதாவது நீர்ப்பூனை. இந்தியில் ஊத்பிலாவ், அங்கேயும் பூனை. எங்கேயோ கிருஷ்ணா நதிப் பக்கம் ஒரு கோடு போட்டு, அதற்குத் தெற்கே நாய், வடக்கே பூனை என்று பிரித்துவிட்டார்கள் போல. உயிரியல்படி இரண்டும் இல்லை. மரநாய் என்று நாம் சொல்லும் மார்ட்டென், வளைக்கரடி, இவைதான் அதன் சொந்தக்காரர்கள்.

பழைய ஏடு

ஓட்டையை ஒப்புக்கொள்கிறேன். நீர்க்காகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் நம்மோடு இருந்தே ஒட்டுப்பெயர் வாங்கியது. லத்தீன்காரனும் அதைக் கடற்காகம் என்றான், நம்மைக் கேட்காமலே. கணக்கைத் திருத்துகிறேன்: எதைப் பார்த்துப் பயந்தோமோ, எது வயிற்றுப்பாட்டைத் தொட்டதோ, அதற்குத் தனிப்பெயர். முதலை, சுறா, வாளை, ஆமை. வேடிக்கை பார்த்ததற்கெல்லாம் ஒட்டு.

மோயாறு மணி

நீர்நாய் வலையைக் கிழிக்கும் ஐயா. வயிற்றுப்பாட்டைத் தொடும்.

பழைய ஏடு

விடமாட்டீர்களே.

ஈப்போ கண்ணன்

மலேசியாவிலிருந்து ஒன்று. மலாயில் நீர்யானைக்குப் பாடாக் ஆயிர் என்று பெயர். பாடாக் என்றால் காண்டாமிருகம், ஆயிர் என்றால் தண்ணீர். நீர்க்காண்டாமிருகம்! இந்தோனேசியாவில் அதே மொழிதான் கிட்டத்தட்ட, ஆனால் அங்கே கூடா நீல், நைல் குதிரை. டச்சுக்காரன் அதை நைல் குதிரை என்பவன், அவன் ஆண்ட நாட்டில் அது ஒட்டிக்கொண்டது. எங்களை ஆண்டவன் கிரேக்கப் பெயரை அப்படியே வைத்திருந்தான், அதனால் இங்கே மக்கள் தங்களுக்குத் தெரிந்த காண்டாமிருகத்தைப் போட்டுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே தமிழ்ப்பள்ளியில் நீர்யானை என்றுதான் படித்தோம். மலாய்ப் பாடத்தில் காண்டாமிருகம், தமிழ்ப் பாடத்தில் யானை. ஒரே விலங்கு என்று எனக்குத் தெரிய ரொம்ப நாளானது.

வசனக்காரன்

இது பிரமாதம். இந்தியாவுக்குள்ளேயும் இதே கூத்துதான் போலிருக்கிறது. வங்காளத்தில் ஜலஹஸ்தி, நம்மைப் போலவே யானை. மராத்தியில் பாண்கோடா, இந்தியில் தரியாயீ கோடா, இரண்டும் குதிரை. மலையாளத்தில் நீர்க்குதிரை.

அணில்கடி

இந்தியை அந்தப் பட்டியலில் பார்த்துச் சேருங்கள். தரியா பாரசீகச் சொல், அங்கே கடலையும் குறிக்கும். கிரேக்கம், அரபு, பாரசீகம் என்று குதிரை கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. அரபியில் ஃபரஸ் அந்நஹர், அப்பட்டமான ஆற்றுக்குதிரை. சீனத்திலும் ஆறு, குதிரை என்று இரண்டு எழுத்து. இந்தப் பக்கமெல்லாம் யாரும் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பெயரை மொழிபெயர்த்தார்கள். கம்பாலா நண்பரின் கரை, தண்ணீர் விளக்கம் இங்கே உடைகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். யானை என்று சொன்ன தமிழனும் வங்காளியும் யாரையும் காப்பியடிக்கவில்லை. அது சொந்தப் பார்வை.

நாசரேத்துக்காரி

யாரும் விவிலியத்தைத் தொடவில்லையே. யோபு 40ஆம் அதிகாரத்தில் பிகெமோத் என்று ஒரு விலங்கு. மாட்டைப் போலப் புல் தின்னும், நாணல் மறைவில் படுத்திருக்கும், ஆறு பெருகினாலும் பதறாது. அது யானையா நீர்யானையா என்று உரைகாரர்கள் வெகு காலம் அடித்துக்கொண்டார்கள். உங்கள் இழை ஒன்றும் புதுசில்லை! தமிழில் மொழிபெயர்த்தவர்கள் இரண்டு பக்கமும் சாயாமல் பிகெமோத் என்று மூலச் சொல்லையே வைத்துவிட்டார்கள். ரஷ்யர்கள் அந்தச் சொல்லையே எடுத்து நீர்யானைக்குப் பெயராக்கிவிட்டார்கள், பெகெமோத். அங்கே சர்க்கஸில் குழந்தைகள் கைதட்டுவது பிகெமோத்துக்குத்தான்.

சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் இதைப் படிக்கும்போது நான் மனதில் வரைந்தது கொம்பு வைத்த ஒரு எருமையை.

தொண்டிக் கடல்

ஆறு, ஆறு என்றே போகிறீர்கள், கடலுக்கும் கொஞ்சம் வாருங்கள். எங்கள் பாக் நீரிணையில் ஆவுளியா உண்டு. புத்தகத்தில் கடற்பசு என்று எழுதுவார்கள். கரையில் யாரும் கடற்பசு என்று சொல்லி நான் கேட்டதில்லை, அதிகாரிகள் வரும்போது தவிர. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலை அதற்குப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அறிவிப்புப் பலகை வந்த பிறகு எங்கள் பிள்ளைகளும் கடற்பசு என்று சொல்லத் தொடங்கிவிட்டன.

விஷயம் அது இல்லை. கடல்தாழை மேயும் அந்தப் பசுவுக்கு உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தம் எது தெரியுமா? யானை. பசு இல்லை. உண்மையான நீர்யானை எங்கள் கடலில்தான் இருக்கிறது, நீங்கள் பெயரைக் கொண்டுபோய் ஆப்பிரிக்காவில் கொடுத்துவிட்டீர்கள்.

அணில்கடி

இதைத்தான் சொல்ல வந்தேன், முந்திக்கொண்டீர்கள். சரி, மறுபாதியை நான் சொல்கிறேன். நீர்யானைக்கு உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தம் பன்றி என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு தெரிந்தது திமிங்கிலமும் ஓங்கிலும் (டால்பின்) என்று. இரண்டு கிளையும் பிரிந்து ஏறக்குறைய ஐந்தரைக் கோடி வருடம் ஆகிறது. ஓங்கிலுக்கு நம் அகராதியில் கடற்பன்றி என்றும் ஒரு பெயர் உண்டு. ஆக யானை என்று பெயர் வாங்கியது திமிங்கிலச் சொந்தம், பசு என்று பெயர் வாங்கியது யானைச் சொந்தம், பன்றி என்று பெயர் வாங்கியது நீர்யானையின் பங்காளி. பேசாமல் எல்லாவற்றுக்கும் புதுப்பெயர் வைத்துவிடலாம். நீர்யானைக்கு ஆற்றுத்திமிங்கிலம். எப்படி?

புளியமரம்

கொல்லாதீர்கள்.

மோயாறு மணி

அணில்கடி சார், பெயர் என்ன குடும்ப அட்டையா, சொந்தக்காரர் பட்டியல் போட? அடையாளம் காட்டினால் போதும். தண்ணீர்ப் பாம்பு என்றால் எங்கள் ஊரில் சின்னப் பையனும் கையில் பிடிப்பான், விஷம் இல்லை என்று அந்தப் பெயரிலேயே தெரியும். அதன் குடும்பம் என்ன என்று அவனுக்கு எதற்கு?

இன்னொரு வேடிக்கை. யானை, காண்டாமிருகம், நீர்யானை, பன்றி எல்லாவற்றையும் தடித்த தோல் விலங்குகள் என்று ஒரே வகுப்பில் போட்டவர் குவியே என்ற பிரெஞ்சு அறிஞர். குதிரையையும் அதே மூட்டையில் கட்டினார். இருநூறு வருடத்துக்கு முன்னால் அதுதான் அறிவியல். அப்போது தமிழனும் சரி, கிரேக்கனும் சரி, மலாய்க்காரனும் சரி!

ரத்தினபுரி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நீர்யானை நாங்கள் பார்க்காத விலங்கு என்று பழைய ஏடு ஐயா சொன்னதிலே ஒரு சின்னத் திருத்தம். எங்கட பக்கம் மாணிக்கக் குழி தோண்டுவார்கள். கல் கிடைக்கிற சரளை மண் படைக்கு இல்லம் என்று பெயர். அந்த இல்லத்துக்குள்ளே மாணிக்கத்தோடு எலும்பும் பல்லும் வரும். அப்படி வந்த எலும்புகளைப் படித்துத்தான் தெரணியகல, கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் பணிப்பாளராக இருந்தவர், இந்தத் தீவில் நீர்யானை இருந்தது என்று காட்டி அதற்குச் சிங்களத்தின் பெயரையே அறிவியல் பெயரில் வைத்தார். காண்டாமிருகமும் சிங்கமும்கூட அதே சரளையில்தான்.

இந்தியாவிலும் நர்மதைப் பள்ளத்தாக்கில், வடக்கே சிவாலிக் குன்றுகளில் கிடைத்திருக்கிறது. அவற்றின் பேரினப் பெயருக்கு ஆறு முன்பற்கள் என்று பொருள். ஆப்பிரிக்க நீர்யானைக்குக் கீழ்த்தாடையில் நாலு வெட்டுப்பல்தான், இவற்றுக்கு ஆறு. யானையுமில்லை, குதிரையுமில்லை, பல்லை எண்ணிப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் நேர்மையாகப் படுகிறது.

பழைய ஏடு

அறியாத செய்தி, நன்றி. அப்படியானால் நம் மூதாதையரும் பார்த்து ஏதாவது பெயர் வைத்திருப்பார்களோ?

ரத்தினபுரி

ஐயா, ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அது பனிக்கால விலங்கு. அதைப் பார்த்த மனிதர் என்ன மொழி கதைத்தார் என்று இல்லம் சொல்லாது.

வசனக்காரன்

எல்லாரும் சேர்ந்து என் சிக்கலைப் பெரிதாக்கிவிட்டீர்கள், சந்தோஷம். இன்னொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. படத்தின் பிற்பாதியில் தென்னாப்பிரிக்க வனக்காவலர் ஒருவர் பேசுகிறார். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் அவர் நீர்யானையைச் சீகூய் என்கிறார். சீ என்றால் கடல், கூய் என்றால் பசு. நான் கடற்பசு என்று எழுதினால் தொண்டி நண்பர் என்னைத் தேடி வருவார்.

கங்கைப் பாகத்தில் இந்தத் தொல்லையே இல்லை. கரியல் முதலைக்கு அந்தப் பெயர் ஆணின் மூக்கு நுனியில் இருக்கும் குடம் போன்ற புடைப்பால் வந்தது, இந்தியில் கடா என்றால் மண்குடம். திரையிலேயே குடம் தெரிகிறது, ஒரு வரியில் முடிந்தது. கங்கை ஓங்கிலைச் சூன்ஸ் என்கிறார்கள், அது மூச்சுவிடும் சத்தத்தின் பெயர். சத்தம் படத்திலேயே கேட்கிறது. நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

தொண்டிக் கடல்

தேடி வரமாட்டேன், அலைபேசியில் திட்டுவேன். கடல்மாடு என்று எழுதுங்கள். கடற்பசு என்றால் ஆவுளியா. கடல்மாடு என்றால் யாருக்கும் எதுவும் இல்லை, புதுசாகக் கேட்கும், அந்த ஊர்ப் பேச்சு என்று புரியும்.

கம்பாலா கதிர்

அந்த நாலரை விநாடிக்கு என் யோசனை. "என்றால் பொருள்" என்பதை வெட்டிவிடுங்கள். அதுதான் உங்களை மாட்டிவைக்கிறது. பொருள் சொல்லப் போனால் நீர்யானை என்ற சொல்லுக்குத்தான் பொருள் சொல்கிறீர்கள் என்று காதில் விழும். அதற்குப் பதில் நமக்கு இது, அவர்களுக்கு அது என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

நாசரேத்துக்காரி

ஆமாம். "பெயர்" என்ற சொல்லும் வேண்டாம். "நமக்கு" என்று தொடங்கினால் பார்ப்பவரும் நம் கட்சியில் சேர்ந்துவிடுவார்.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. ஆற்றுத்திமிங்கிலம் பற்றிய ஏழு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அணில்கடி, அங்கே தொடரலாம்.

அணில்கடி

அறிவியலை நாடு கடத்துகிறீர்கள். பரவாயில்லை. போகிற போக்கில் ஒன்று: "நீர்" என்பதும் பாதிதான் உண்மை. அதற்கு நீந்த வராது, ஆற்றின் அடித்தரையில் கால் ஊன்றி நடக்கும், ஓடும். இரை முழுக்கக் கரையில், ராத்திரியில்.

வசனக்காரன்

வியாழன் இரவு. பதிவு முடிந்தது. இறுதியில் போனது இதுதான்:

"நமக்கு இது நீர்யானை. நைல் நதியில் இதன் தலையை மட்டும் பார்த்த கிரேக்கருக்கோ, ஆற்றுக்குதிரை."

ஐந்து விநாடி வந்தது. "நைல் நதியில்" என்பதை "நைலில்" என்று சுருக்கியதும் உட்கார்ந்துவிட்டது. "தலையை மட்டும்" கம்பாலா கதிருக்காக வைத்தேன். அணில்கடி ஆதாரம் கேட்பார் என்று தெரியும், எடிட்டருக்குப் பிடித்துவிட்டது. குரல் கொடுத்தவர் முதல் தடவை படித்துவிட்டு, "அட, ஆமாம்ல" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார், மறுபடி எடுத்தோம். கடல்மாடும் போய்விட்டது, யாரும் கேள்வி கேட்கவில்லை.

அடுத்த பாகம் அமேசான். முதல் காட்சியிலேயே கேப்பிபாரா. அறிவியல் பெயரில் கிரேக்கத்தில் நீர்ப்பன்றி என்று எழுதியிருக்கிறது.

அணில்கடி

அது பன்றியே இல்லை. எலிக் கூட்டம். உலகத்திலேயே பெரிய கொறிவிலங்கு.

வசனக்காரன்

தெரியும். புது இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.